வெயிலில் நின்றபடியே குளிரும் பூச்சு: துகள்களைக் கொண்டு வடிவமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வானத்தைப் பார்த்திருக்கும் எந்தப் பரப்பும் இரவு பகல் பாராமல் அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. 27 டிகிரி செல்சியஸில், அதாவது 300 கெல்வினில், இருக்கும் ஒரு கரும்பொருள் (தன்மேல் படும் கதிர் அனைத்தையும் உறிஞ்சி, அந்த வெப்பநிலையில் இயன்ற முழு அளவும் உமிழும் பொருள்) சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 459 வாட் உமிழ்கிறது. அதில் பெரும்பகுதிக்கு ஈடான வெப்பத்தை வளிமண்டலம் கீழ்நோக்கி அனுப்பிவிடுகிறது. ஆனால் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளங்களில் நீராவியும் கரியமில வாயுவும் அதிகம் குறுக்கிடுவதில்லை. அந்தச் சாளரம் வழியாகக் கதிர்கள் நேரே விண்வெளிக்குப் போய்விடுகின்றன. சாதாரண வெப்பநிலையில் உள்ள பொருள்களின் உமிழ்வு உச்சம் தொடுவதும் 10 மைக்ரோமீட்டரை ஒட்டித்தான்.

இரவில் இப்படிக் குளிர்வது பழைய செய்தி. நேர் வெயிலில் சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்து நிற்பதுதான் கடினம். 2014இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆஸ்வத் ராமன், ஷான்ஹுய் ஃபான் ஆகியோரின் குழு, வெள்ளிப் படலத்தின் மேல் ஹாஃப்னியம் டை ஆக்சைடையும் சிலிக்காவையும் ஏழு அடுக்குகளாகப் படியவைத்தது. சூரிய ஒளியில் 97 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிய அந்தப் பரப்பு, காற்றைவிட 4.9 டிகிரி குளிர்ந்து நின்றது. ஆனால் வெற்றிடக் கலத்தில் அடுக்கடுக்காகப் படியவைக்கும் முறையை ஒரு கூரை முழுவதற்கும் செய்ய முடியாது. துகள்களைப் பிணைப்பானில் (அவற்றை ஒன்றாகப் பிடித்துவைக்கும் பசைப்பொருளில்) கலந்து தூரிகையாலோ தெளிப்பானாலோ பூச முடிந்தால்தான் இது வேலைக்கு ஆகும். அப்படிப்பட்ட பொருளைத் தொடக்கத்திலிருந்து வடிவமைப்பது எப்படி என்பதே இந்தக் கட்டுரை.

படி 1: முதலில் கணக்கு

நிகரக் குளிர்விப்புத் திறன் என்பது ஒரு கழித்தல் கணக்கு. பரப்பு உமிழ்வதிலிருந்து மூன்றைக் கழிக்க வேண்டும்: வளிமண்டலத்திலிருந்து வாங்கிக்கொள்வது, சூரிய ஒளியில் உறிஞ்சிக்கொள்வது, காற்றும் அடித்தளமும் கொண்டுவந்து சேர்க்கும் வெப்பம்.

வறண்ட, தெளிந்த வானத்தின் கீழ், காற்றின் வெப்பநிலையிலேயே இருக்கும் நல்ல உமிழ்வான் ஒன்றுக்கு, உமிழ்வதற்கும் வளிமண்டலத்திலிருந்து வாங்கிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு சதுர மீட்டருக்குச் சுமார் 100 வாட். காற்றில் ஈரம் கூடக் கூட நீராவி அந்தச் சாளரத்தை மூடிக்கொண்டே வரும்; 100 என்பது 50 ஆகலாம், அதற்கும் கீழே போகலாம். உச்சி வெயிலோ சதுர மீட்டருக்கு 1000 வாட். ஆகவே உறிஞ்சப்படும் ஒவ்வொரு சதவீதமும் 10 வாட் இழப்பு. எதிரொளிப்பு 90 சதவீதமாக இருந்தால் வறண்ட வானத்தின் கீழேயே கையில் எதுவும் மிஞ்சாது. ஈரக் காற்றில் 95 சதவீதமும் போதாது.

இந்தக் கணக்கைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளாமல் துகள் வாங்கப் போகாதீர்கள். புதிதாக இத்துறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அகச்சிவப்பு உமிழ்வை நுணுக்கமாகச் செதுக்குவதில் நேரத்தைச் செலவிடுகிறார்கள். உமிழ்திறனை, அதாவது கரும்பொருளின் உமிழ்வில் எத்தனை பங்கு என்பதை, 0.90இலிருந்து 0.95க்கு உயர்த்தினால் கிடைப்பது சில வாட். சூரிய எதிரொளிப்பை 0.93இலிருந்து 0.98க்கு உயர்த்தினால் கிடைப்பது 50 வாட். என் அனுபவத்தில் ஒரு வடிவமைப்பின் தலைவிதி சூரிய உறிஞ்சலில்தான் எழுதப்படுகிறது. உமிழ்வு கிட்டத்தட்டத் தானாகவே வந்து சேரும்.

படி 2: எந்தக் குடும்பம் என்று தீர்மானியுங்கள்

துகள் அடிப்படையிலான வடிவமைப்புகள் இரண்டு வகை. முதல் வகையில் சூரிய ஒளியைத் திருப்புவது ஓர் உலோகப் படலம்; துகள்கள் அகச்சிவப்பை உமிழ்ந்தால் போதும். கொலராடோ பல்கலைக்கழகக் குழு 2017இல் வெளியிட்ட படலம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பாலிமீத்தைல்பென்டீன் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் சுமார் 8 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள சிலிக்கா உருண்டைகளைப் பருமனளவில் 6 சதவீதம் கலந்து, 50 மைக்ரோமீட்டர் தடிமனில் இழுத்து, அடியில் வெள்ளி பூசினார்கள். நண்பகலில் சதுர மீட்டருக்கு 93 வாட் குளிர்விப்பு கிடைத்தது.

இரண்டாம் வகையில் உலோகமே இல்லை. துகள்களே ஒளியைச் சிதறடித்துத் திருப்புகின்றன, அவையும் பிணைப்பானும் சேர்ந்து உமிழ்கின்றன. 2021இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் சியூலின் ருவான் குழு உருவாக்கிய பேரியம் சல்பேட் வண்ணப்பூச்சு இந்த வகை. பருமனளவில் 60 சதவீதம் துகள், 400 மைக்ரோமீட்டர் தடிமன், சூரிய எதிரொளிப்பு 98.1 சதவீதம்.

உருட்டிக் கொண்டுபோய் ஒட்டும் படலம் தேவையென்றால் முதல் வகை. ஆனால் வெள்ளி கறுக்கும், புற ஊதாக் கதிர்களில் ஓரளவு உறிஞ்சும், கண்ணைக் கூசவைக்கும். கரடுமுரடான பரப்புகளுக்கும், வளைந்த தொட்டிகளுக்கும், ஏற்கெனவே உள்ள கூரைகளுக்கும் இரண்டாம் வகைதான். இனி வருவதெல்லாம் அதைப் பற்றியே.

படி 3: துகளின் பொருள்

தெளிந்த கண்ணாடியைப் பொடித்தால் வெள்ளையாகிறது. ஒளியை உறிஞ்சாத ஒரு பொருளை நுண்ணிய துகள்களாக்கி, வேறு ஒளிவிலகல் எண் உள்ள ஊடகத்தில் வைத்தால் ஒளி திரும்பத் திரும்ப வழி மாறி வந்த பக்கமே வெளியேறுகிறது. எனவே தேவை இரண்டு: உறிஞ்சாமை, ஒளிவிலகல் எண்ணில் வேறுபாடு. இரண்டும் ஒரே பொருளில் சேர்ந்து கிடைப்பது அரிது. தேர்வின் சிக்கலே அதுதான்.

வண்ணப்பூச்சுத் தொழில் முழுவதும் ஆளும் நிறமி ரூட்டைல் வகை டைட்டானியம் டை ஆக்சைடு. ஒளிவிலகல் எண் 2.7, சிதறடிப்பதில் அதற்கு நிகரில்லை. ஆனால் அதன் பட்டை இடைவெளி, அதாவது ஒளியை உறிஞ்ச எலக்ட்ரானுக்குத் தேவைப்படும் குறைந்தபட்ச ஆற்றல், 3.0 எலக்ட்ரான் வோல்ட்தான். 1240ஐப் பட்டை இடைவெளியால் வகுத்தால் உறிஞ்சல் தொடங்கும் அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும்: 413. அதற்குக் கீழேயுள்ள புற ஊதாவை அது விழுங்கிவிடும். தரையை வந்தடையும் சூரிய ஆற்றலில் ஏறக்குறைய 5 சதவீதம் 400 நானோமீட்டருக்குக் கீழே இருக்கிறது. அதாவது பூச்சு எவ்வளவு தடிமனாக இருந்தாலும், மற்ற அனைத்தும் பிழையின்றி அமைந்தாலும், 40 முதல் 50 வாட் கைவிட்டுப் போய்விடும். துத்தநாக ஆக்சைடின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அதன் எல்லை 376 நானோமீட்டர்.

சூரிய ஒளி தரையில் சுமார் 300 நானோமீட்டரில் தொடங்குகிறது, அதாவது 4.1 எலக்ட்ரான் வோல்ட். பட்டை இடைவெளி இதைவிடக் கணிசமாகப் பெரிதாக உள்ள பொருள்களைத் தேடுங்கள். பேரியம் சல்பேட், கால்சியம் கார்பனேட், அலுமினியம் ஆக்சைடு, சிலிக்கா, சிர்க்கோனியம் டை ஆக்சைடு ஆகியவை இந்தப் பட்டியலில் வரும். இவற்றில் சிர்க்கோனியம் டை ஆக்சைடுக்கு மட்டும் ஒளிவிலகல் எண் 2ஐத் தாண்டும். அலுமினியம் ஆக்சைடுக்கு 1.77, பேரியம் சல்பேட்டுக்கு 1.64, சிலிக்காவுக்கு 1.46.

தூய்மையைப் பற்றி ஒரு வார்த்தை, இதைக் கடுமையாகவே சொல்ல வேண்டும். தடிமனான வெள்ளைப் பூச்சுக்குள் ஒளி வெளியேறுவதற்கு முன் பூச்சின் தடிமனைப்போல் பல மடங்கு தூரம் அலைகிறது. அதனால் கண்ணுக்குத் தெரியாத அளவு இரும்பு மாசும் நீல ஒளியில் உறிஞ்சலாக வெளிப்படும். குபெல்கா–முங்க் சமன்பாடு இதை எண்ணாகக் காட்டுகிறது. எல்லையற்ற தடிமனுள்ள பூச்சில், உறிஞ்சல் கெழுவைச் சிதறல் கெழுவால் வகுத்த விகிதம் எதிரொளிப்பைத் தீர்மானிக்கிறது. 95 சதவீத எதிரொளிப்புக்கு அந்த விகிதம் 0.0013 இருக்கலாம். 98 சதவீதத்துக்கு 0.0002தான் இருக்கலாம். 99 சதவீதம் வேண்டுமென்றால் 0.00005. மூன்று சதவீதம் ஏறுவதற்கு உறிஞ்சல் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்க வேண்டும். சுரங்கத்திலிருந்து எடுத்து அரைத்த கனிமத்தை விட்டு, கரைசலிலிருந்து வீழ்படிவாக்கிய துகளை வாங்குங்கள். எஃகு உருண்டைகள் உள்ள அரவை இயந்திரத்தில் அதைப் போட்டு வாங்கிய தூய்மையைக் கெடுத்துவிடாதீர்கள். சிர்க்கோனியம் டை ஆக்சைடு உருண்டைகள் போதும்.

படி 4: அளவு

ஒரு துகள் எந்த அலைநீளத்தை வலுவாகச் சிதறடிக்கும் என்பதை 1908இல் குஸ்டாவ் மீ தந்த தீர்வு சொல்லிவிடும். இலவச நிரல்கள் பல உண்டு; ஒளிவிலகல் எண்களையும் விட்டத்தையும் கொடுத்தால் சிதறல் குறுக்குவெட்டும் சிதறலின் திசைப்போக்கும் கிடைக்கும். கணக்கிட வேண்டியது சிதறல் பாதையின் நீளத்தை (ஒரு சிதறலுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒளி செல்லும் சராசரித் தூரத்தை) அல்ல, போக்குவரத்துப் பாதை நீளத்தை. பெரிய துகள்கள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே தள்ளுகின்றன; அந்தச் சிதறல் ஒளியைத் திருப்பி அனுப்ப உதவாது. சிதறல் நீளத்தை, ஒன்றிலிருந்து திசைப்போக்கு எண்ணை (எல்லாம் முன்னோக்கியே சிதறினால் 1, முன்னும் பின்னும் சமமாகச் சிதறினால் 0) கழித்து வரும் மதிப்பால் வகுத்தால், ஒளி தன் திசையை மறக்க எவ்வளவு தூரம் தேவை என்பது தெரியும். அந்த நீளம் குறையக் குறைய நல்லது.

டைட்டானியம் டை ஆக்சைடுக்குப் பார்வைக்குரிய ஒளியில் சிறந்த விட்டம் 0.2 முதல் 0.3 மைக்ரோமீட்டர். குறைந்த ஒளிவிலகல் எண் உள்ளவற்றுக்கு இது சற்றுப் பெரிதாகும்; பர்டியூ பூச்சில் சராசரி 0.4 மைக்ரோமீட்டர் அளவில் இருந்தது. இங்கே வண்ணப்பூச்சு அறிவு நம்மை ஏமாற்றும். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிய 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரை சிதறடித்தால் போதும். ஆனால் சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பில் இருக்கிறது. ஒரே சீரான சிறு துகள்கள் அந்தப் பகுதியை ஊடுருவ விட்டுவிடும். அதனால் அளவுப் பரவல் அகலமாக இருப்பது இங்கே குறையல்ல, தேவை. 0.2இலிருந்து 1 மைக்ரோமீட்டருக்கு மேல் வரை நீளும் பரவலை வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரே அளவில் துகள் தயாரிக்கச் செலவழிக்கும் பணம் வீண்.

படி 5: எவ்வளவு துகள், எவ்வளவு பிணைப்பான், எவ்வளவு காற்று

பேரியம் சல்பேட்டின் ஒளிவிலகல் எண் 1.64, அக்ரிலிக்கினுடையது சுமார் 1.5. இவ்வளவு சிறிய வேறுபாட்டை வைத்துக்கொண்டு 98 சதவீதம் எப்படிக் கிடைக்கிறது? விடை காற்றில் இருக்கிறது.

அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களுக்கான எளிய சிதறல் சூத்திரத்தில் இரண்டு நிலைகளையும் போட்டுப் பாருங்கள். அக்ரிலிக்கில் மூழ்கிய பேரியம் சல்பேட்டைவிடக் காற்றால் சூழப்பட்ட அதே துகள் சுமார் 7 மடங்கு வலுவாகச் சிதறடிக்கிறது. உண்மையான துகள்கள் அவ்வளவு சிறியவை அல்ல என்பதால் இந்த 7ஐ அப்படியே நம்ப வேண்டாம். போக்கைக் காட்ட இது போதும்.

நிறமியின் பங்கைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் துகள்களுக்கு இடையிலான வெற்றிடங்களை நிரப்பப் பிணைப்பான் போதாமல் போகும். அதுதான் மாறுநிலை நிறமிப் பருமச் செறிவு. அதைத் தாண்டியதும் காற்றுத் துளைகள் உருவாகி வெண்மை சட்டென்று எகிறும். உயர்திறன் பூச்சுகள் பெரும்பாலும் இந்த எல்லையை ஒட்டியோ தாண்டியோதான் நிற்கின்றன. துகளே இல்லாமல் துளைகளை மட்டும் வைத்தும் இதைச் செய்யலாம்: 2018இல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு ஒரு புளோரோபாலிமரை (புளோரின் கொண்ட பிளாஸ்டிக்கை) அசிட்டோனில் கரைத்து, நீர் கலந்து பூசி உலரவிட்டே 96 சதவீத எதிரொளிப்பை எட்டியது.

இதற்கு விலை உண்டு. எல்லையைத் தாண்டிய பூச்சு கையில் ஒட்டும் மாவாகும், தேய்ந்து போகும், நீரை உறிஞ்சும், அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலும் துகள்கள் மிக நெருங்கினால் தனித்தனியாகச் சிதறடிக்கும் திறனும் குறைகிறது. அந்த நெருக்கத்தை மீ கணக்கு அறியாது. ஆகவே கணக்கை நம்பி ஒரே கலவையில் நிற்காமல், 40, 50, 55, 60, 65 சதவீதங்களில் சிறு தகடுகளைப் பூசி அளந்து பாருங்கள். எதிரொளிப்பு ஏறும் இடத்தையும் விரலால் தேய்த்தால் மாவு வரத் தொடங்கும் இடத்தையும் குறித்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே நில்லுங்கள்.

பிணைப்பான் எது? அக்ரிலிக், சிலிக்கோன், புளோரோபாலிமர் ஆகிய மூன்றும் சூரிய ஒளியில் தெளிவானவை. பென்சீன் வளையம் கொண்ட எபாக்சி, பாலிஸ்டைரீன் போன்றவை புற ஊதாவில் மஞ்சளாகிவிடும், தொடவே வேண்டாம். புளோரோபாலிமர்கள் நீண்ட காலம் உழைப்பவை, ஆனால் அவை சுற்றுச்சூழலில் சிதையாமல் தங்கிவிடும் சேர்மங்களின் குடும்பத்தோடு சேர்ந்தவை என்பதால் நானாக அவற்றைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

படி 6: தடிமன்

உறிஞ்சாத பூச்சில், எல்லைப் பரப்புகளில் உள்ளே திரும்பும் ஒளியைப் புறக்கணித்தால், ஊடுருவிச் செல்லும் பங்கு எளிதாகக் கிடைக்கும். தடிமனைப் போக்குவரத்துப் பாதை நீளத்தால் வகுத்து, 1.33 கூட்டி, 1.67ஐ அதனால் வகுக்க வேண்டும். பாதை நீளம் 4 மைக்ரோமீட்டர் என்றால் 200 மைக்ரோமீட்டர் பூச்சில் 3.2 சதவீதம் ஊடுருவும்; 400இல் 1.6 சதவீதம். தடிமனை இரட்டித்தால் இழப்பு பாதியாகிறது, அவ்வளவுதான். அடியில் கறுப்புக் கூரை இருந்தால் அந்த 1.6 சதவீதமும் வெப்பமாகும். அடியில் ஏற்கெனவே ஒரு வெள்ளை அடிப்பூச்சு இருந்தால் பெரும்பகுதி திரும்பி வரும். மேலே விலையுயர்ந்த பூச்சை மெல்லியதாகவும் அடியில் மலிவான டைட்டானியம் டை ஆக்சைடு பூச்சைத் தடிமனாகவும் போடுவது நல்ல உத்தி: புற ஊதா மேலடுக்கிலேயே திரும்பிவிடும், மிஞ்சிய அண்மை அகச்சிவப்பை அடியடுக்கு பார்த்துக்கொள்ளும்.

சோதிக்க ஒரு வழி: பல தடிமன்களில் தனிப் படலங்கள் செய்து, ஊடுருவலின் தலைகீழ் மதிப்பைத் தடிமனுக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வந்தால் அதன் சரிவிலிருந்து பாதை நீளம் கிடைக்கும். கோடு மேல்நோக்கி வளைந்தால் பூச்சு எங்கோ உறிஞ்சுகிறது என்று பொருள். எந்த அலைநீளத்தில் வளைகிறது என்று பாருங்கள். நீலத்தில் என்றால் மாசு, 1.45, 1.94 மைக்ரோமீட்டரில் என்றால் பூச்சில் தங்கிய நீர், 1.7 மைக்ரோமீட்டரை ஒட்டி என்றால் பிணைப்பானின் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகள். கடைசிச் சிக்கலுக்கு ஒரே மருந்து பிணைப்பானைக் குறைப்பதுதான்.

படி 7: உமிழ்வு

நூறு மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட அக்ரிலிக் பூச்சு எதுவானாலும் அகச்சிவப்பில் 0.9ஐ ஒட்டியே உமிழும். சிலிக்காவின் சிலிக்கான்–ஆக்சிஜன் அதிர்வு 9 மைக்ரோமீட்டரை ஒட்டியும், சல்பேட்டின் அதிர்வு 8.3 முதல் 9.3 மைக்ரோமீட்டர் வரையும் சாளரத்துக்குள்ளேயே விழுகின்றன. கால்சியம் கார்பனேட்டின் வலுவான அதிர்வு 7 மைக்ரோமீட்டரில், சாளரத்துக்கு வெளியே. அங்கே பிணைப்பான் கைகொடுக்கும்.

சாளரத்தில் மட்டும் உமிழும் தேர்வு உமிழ்வான் வேண்டுமா என்ற கேள்வி அடிக்கடி எழும். காற்றின் வெப்பநிலையை ஒட்டியோ அதற்கு மேலோ இயங்கும் கூரைக்கு அகன்ற உமிழ்வே அதிகம் தரும். காற்றைவிட மிகக் கீழே போக வேண்டுமென்றால்தான் தேர்வு உமிழ்வான் பயன்படும். 2016இல் ஸ்டான்ஃபோர்டு குழு வெற்றிட அறைக்குள் அப்படிச் செய்து சராசரியாக 37 டிகிரி கீழே இறங்கியது. கூரையைச் சுற்றி வெற்றிடம் இருக்கப்போவதில்லை.

படி 8: அளவீடு

புற ஊதாவிலிருந்து அண்மை அகச்சிவப்பு வரை அளக்கும் நிறமாலைமானியும், சிதறிய ஒளி முழுவதையும் சேர்த்துப் பிடிக்கும் கோளமும் கட்டாயம். 0.3 முதல் 2.5 மைக்ரோமீட்டர் வரை அளந்து, ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் ஜி173 சூரிய நிறமாலையைக் கொண்டு எடையிட்டுச் சராசரி காணுங்கள். அகச்சிவப்புக்குப் பொன் பூசிய கோளம் வேண்டும்.

ஒரு சதவீதப் பிழை 10 வாட் என்பதால் ஒப்பீட்டுத் தகட்டின் (எதிரொளிப்பு முன்பே தெரிந்த தகட்டின்) சான்றளித்த மதிப்பைப் பயன்படுத்தாத அளவீட்டுக்கு மதிப்பில்லை. தடிமனான பூச்சுகளில் இன்னொரு பொறியும் உண்டு. ஒளி பக்கவாட்டில் பரவி, கோளத்தின் துளை விளிம்புக்கு வெளியே கசிந்துவிடும். கருவி அதை உறிஞ்சல் என்று காட்டும். ஒளிக்கற்றை சிறியதாகவும் துளை பெரியதாகவும் இருக்கட்டும்.

திறந்தவெளிச் சோதனையில் காற்றின் வெப்பநிலையை அளக்கும் உணரி நிழலில், காற்றோட்டத்தில் இருக்க வேண்டும். சோதனைப் பெட்டிக்குள் தேங்கிய சூடான காற்றோடு ஒப்பிட்டுவிட்டு எட்டு டிகிரி குளிர்ந்தது என்று அறிவிப்பது இத்துறையின் தீராத நோய். டிகிரிக் கணக்கு காற்றைப் பொறுத்தது என்பதையும் மறக்கக் கூடாது. 60 வாட் நிகரத் திறன் உள்ள பரப்பைச் சதுர மீட்டருக்கு டிகிரிக்கு 10 வாட் கொண்டுவரும் காற்றில் வைத்தால், குளிரக் குளிர அதன் சொந்த உமிழ்வும் குறைவதால், 6 டிகிரி அல்ல, 4 டிகிரிக்கும் சற்றுக் குறைவாகவே குளிரும். பாலிஎத்திலீன் படலத்தால் மூடிக் காற்று கொண்டுவரும் வெப்பத்தைப் பாதியாக்கினால் அதே பரப்பு ஐந்தரை டிகிரி குளிரும். பொருள் மாறவில்லை. ஆகவே சிறு மின்சூடேற்றியால் பரப்பைக் காற்றின் வெப்பநிலையிலேயே நிறுத்தி, அதற்குச் செலவாகும் வாட்டை அளப்பதே நேர்மையான முறை. கூடவே சூரியக் கதிர்வீச்சையும் ஈரப்பதத்தையும் பதிவு செய்யுங்கள்.

படி 9: முதுமையும் ஈரமும்

புதிய பூச்சின் 98 சதவீதம் கூரையில் எத்தனை மாதம் நிற்கும்? புகைக்கரியும் தூசியும் அதைக் கீழே இழுக்கும். இயற்கையான அழுக்குப் படிவை ஆய்வகத்திலேயே சில நாட்களில் போலச்செய்ய ஏஎஸ்டிஎம் டி7897 முறை உண்டு. எல்லாக் கலவைகளையும் அதில் ஓட்டி, அதற்குப் பிறகு வரும் எண்ணை வைத்தே தேர்ந்தெடுங்கள். முதல் நாள் எண்ணில் முந்தியது இங்கே பெரும்பாலும் பின்தங்கும்.

நனைந்த நிலையிலும் அளக்க வேண்டும். துளைகளில் காற்று இருந்த இடத்தில் 1.33 ஒளிவிலகல் எண் உள்ள நீர் புகுந்தால் வேறுபாடு சுருங்கி, பூச்சு சாம்பல் படிந்ததுபோல் மங்கும். தகட்டை ஒரு மணி நேரம் நீரில் ஊறவைத்து, மேற்பரப்பைத் துடைத்து உடனே எதிரொளிப்பை எடுங்கள். பெரிதாக விழுந்தால் மேலே நீர்விலக்கும் பூச்சு ஒன்று தேவை. அது திரவமாகத் துளைகளுக்குள் இறங்கி அவற்றை நிரப்பிவிட்டால் படி 5இல் சம்பாதித்த காற்றெல்லாம் போய்விடும். ஆகவே துளைகளின் சுவரில் மட்டும் ஒட்டும் மெல்லிய சிலேன் (நீரை விலக்கும் சிலிக்கான் சேர்மம்) பூச்சைத் தேர்ந்தெடுத்து, அதைப் பூசுவதற்கு முன்னும் பின்னும் உலர்ந்த எதிரொளிப்பை ஒப்பிடுங்கள். அரை சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் கரைசலை இன்னும் நீர்க்கச் செய்து புதிய தகட்டில் மீண்டும் பூச வேண்டும்.